உஷார்! போன் காட்டும் வேகத்தை நம்பி ஓட்டாதீர்கள்

ஸ்பீடோமீற்றர் பழுதா? போனில் பிரவுசரைத் திறந்து, வேகம் காட்டும் பக்கம் ஒன்றைப் போட்டு, ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு வத்தளையிலிருந்து புறப்படப் பார்க்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். அந்த எண் ஆபத்தான நேரத்தில்தான் காலை வாரும்.

பிரவுசருக்குத் தானாக வேகம் தெரியாது. போனின் ஜி.பி.எஸ். வினாடிக்கு இத்தனை மீற்றர் என்று சொல்வதை 3.6ஆல் பெருக்கி மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். திறந்த வெளியில், ஒரே சீரான ஓட்டத்தில் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் அந்த எண் மாறுவது ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை. பேலியகொடவில் ஏறிக் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் 100இல் போகும் கார் அந்த ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீற்றர் ஓடிவிடும்.

இதைவிடப் பயங்கரம், எண் அப்படியே உறைந்துபோவது. அழைப்பு வந்தாலோ, வேறு ஆப் திறந்தாலோ, திரை அணைந்தாலோ பிரவுசர் பின்னால் போய்விடும். அதற்குப் புதிய வேகம் வருவது நின்றுவிடும். திரும்பப் பார்க்கும் கணத்தில் நீங்கள் 75இல் போய்க்கொண்டிருக்கலாம், திரையிலோ பழைய 48 நிற்கும். அது பழைய எண் என்று காட்டிக்கொடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. பாலத்தின் அடியிலும் மாடிக் கட்டடங்களின் நடுவிலும் செய்மதி சிக்னல் குறைந்தால், போன் டவரையும் வைஃபையையும் வைத்து இடத்தை ஊகிக்கும். ஊகித்த இடம் துள்ளினால், அதை வைத்துக் கணக்குப் போடும் பக்கத்தில் வேகமும் துள்ளும். நீர்கொழும்பு வீதி நெரிசலில் அசையாமல் நிற்கும் வண்டி 30இல் ஓடுவதாகக்கூடக் காட்டும்.

மீற்றர் 54 என்கிறது, போன் 50 என்கிறது. உடனே மீற்றர் பொய் என்று முடிவுகட்டாதீர்கள். வாகன மீற்றர்களுக்கான ஐ.நா.வின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, ஸ்பீடோமீற்றர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. சற்றுக் கூட்டிக் காட்டலாம். அந்த மேலதிகம் உங்கள் பாதுகாப்புக்காக விட்ட இடைவெளி. போனைப் பார்த்து அதையும் ஓட்டித் தீர்க்காதீர்கள். நகர்ப்புற வீதியில் காருக்கு எல்லை 50, ஆட்டோவுக்கு 40. ஹெந்தளைச் சந்தியில் ஆட்கள் வீதியைக் கடக்கும் நேரம், 50இல் போகிறவர் 2 வினாடி திரையைப் பார்த்தாலே, அதே 28 மீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்த கணக்குத்தான். ஓட்டிக்கொண்டே போனைக் கையாள்வது பொலிஸ் தண்டம் விதிக்கும் குற்றமும்கூட.

240 பஸ்ஸில் உட்கார்ந்து, சாரதி பறக்கிறாரா என்று பார்க்க நினைக்கும் பயணிக்கு இந்தப் பக்கம் உதவும். அதை நான் மறுக்கவில்லை. அவரும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாமல், யன்னலோரம் சில நிமிடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். லொகேஷன் கேட்டால் ‘இந்த முறை மட்டும்’ என்ற தெரிவு இருக்கும், அதையே அழுத்துங்கள்; இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் நிற்கும் இடம் அதற்குத் தெரியும். வேகம் பார்க்க வேறெந்த அனுமதியும் தேவையில்லை. நோட்டிஃபிகேஷன் கேட்டாலோ, எதையாவது டவுன்லோட் செய்யச் சொன்னாலோ உடனே மூடிவிடுங்கள்.

சாரதிகளே, மீற்றர் வேலை செய்யவில்லை என்றால் கேபிளா சென்சரா என்று இன்றே கராஜில் காட்டுங்கள். திருத்தி முடியும்வரை நெடுஞ்சாலைப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள்.