‘உர்ர்...’ என முனகி நிற்கிறதா ஏர் கம்ப்ரஸர்? மோட்டாரைக் கழற்றும் முன் இதைக் கவனியுங்கள்!

காலையில் சுவிட்சைப் போட்டதும் ஒழுங்காக ஓடுகிறது. டேங்க் நிறைந்ததும் தானாக நிற்கிறது. பெயின்ட் அடிக்க ஆரம்பித்து, காற்று குறைந்து, மறுபடியும் ஓட வேண்டிய நேரத்தில்தான் சிக்கல். ‘உர்ர்...’ என்று ஒரு முனகல். வீட்டு விளக்குகள் மங்குகின்றன. சில வினாடிகளில் எம்.சி.பி. ‘டப்’ என்று விழுகிறது. பாதி பெயின்ட் அடித்த கதவு அப்படியே நிற்கிறது.

வாசலில் பஞ்சர் கடை, பின்கட்டில் மர வேலை, ஷெட்டில் ஸ்பிரே பெயின்டிங் என வீட்டிலேயே சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு நாள் வருமானத்தையே பாதிக்கும் விஷயம். ‘மோட்டார் போயிடுச்சு’ என்று முடிவு கட்டி, காயில் கட்டக் கொடுத்துவிடுபவர்கள் பலர். செலவு செய்து மாட்டிய பிறகும் அதே முனகல் கேட்டால்? கேட்க வாய்ப்பு உண்டு. ஏனென்றால், மோட்டார் நன்றாக இருக்கும்போதே இந்தக் கோளாறு வரும்.

தடுப்பது காற்றுதான்!

வீட்டு உபயோகக் கம்ப்ரஸர்கள் பெரும்பாலும் டேங்க்கில் 8 கிலோ பிரஷர் வந்ததும் நின்று, 6 கிலோ அளவுக்கு இறங்கியதும் மீண்டும் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறலாம். ‘8 கிலோ’ என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 8 கிலோ எடை அழுத்துவதுபோல. பிஸ்டனின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். அதன் தலையில் 150 கிலோவுக்கு மேல் சுமை!

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் இந்தச் சுமையைத் தாங்கிவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு அது பெரிய பாரம். அதனால்தான், ஒவ்வொரு முறை மோட்டார் நிற்கும்போதும் பிஸ்டனுக்கு மேலேயும், டேங்க்குக்குப் போகும் பைப்பிலும் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பெயர் அன்லோடர் வால்வு. பெரும்பாலான சிறிய கம்ப்ரஸர்களில் இது பிரஷர் சுவிட்சுடன் சேர்ந்தே இருக்கும். மெல்லிய டியூப் ஒன்று வந்து சேரும் இடம் அது.

மோட்டார் நின்றதும் இரண்டு மூன்று வினாடிகள் ‘புஸ்ஸ்...’ என்று ஒரு சத்தம் வருகிறதல்லவா? அது காற்றுக் கசிவு அல்ல. அடுத்த முறை சுலபமாக ஓடுவதற்காகக் கம்ப்ரஸர் தன் சுமையை இறக்கி வைக்கும் சத்தம்.

கரன்ட் கட் ஆனால்...

நல்ல நிலையில் இருக்கும் கம்ப்ரஸரும் முனகி நிற்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய்விட்டாலோ, சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து நிறுத்தினாலோ, பிரஷர் சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே இருக்கும். அன்லோடர் திறக்காது. ‘புஸ்’ சத்தமும் வராது. கரன்ட் வந்ததும் மோட்டார் முழுச் சுமையோடு கிளம்பப் பார்த்து, முடியாமல் நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு செலவில்லாதது. எப்போதும் கம்ப்ரஸரின் மேல் இருக்கும் பிரஷர் சுவிட்ச் குமிழைத் திருப்பியோ, இழுத்தோ, அழுத்தியோதான் நிறுத்த வேண்டும். கரன்ட் போய்விட்டால், அந்தக் குமிழை உடனே ‘ஆஃப்’ செய்யுங்கள். ‘புஸ்’ சத்தம் வந்து அடங்கட்டும். கரன்ட் வந்த பிறகு மீண்டும் ‘ஆட்டோ’வில் வைத்தால் போதும்.

காலி டேங்க் சோதனை

கரன்ட் கட் ஆகாமலேயே முனகுகிறதா? பிளக்கைப் பிடுங்குங்கள். டேங்க்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காற்றை வெளியேற்றுங்கள். பிறகு அந்த வால்வை மூடிவிட்டு, கம்ப்ரஸரை ஓட விடுங்கள்.

காலி டேங்க்கில் நன்றாக ஓடி, பிரஷர் ஏறிய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றுப் பாதையை. டேங்க் காலியாக இருக்கும்போதே முனகினால், பிரச்னை பெரும்பாலும் கரன்ட் பக்கத்தில்.

காற்றுப் பாதையில் என்ன கோளாறு என்பதைக் காது கொடுத்தே கண்டுபிடிக்கலாம்.

* மோட்டார் நின்றதும் ‘புஸ்’ சத்தமே வரவில்லை: அன்லோடர் வால்வு இறுகியிருக்கலாம். அல்லது, மெல்லிய டியூப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் அடைத்திருக்கலாம்.

* மோட்டார் நின்ற பிறகு ‘புஸ்’ சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது: டேங்க்கின் வாயில் இருக்கும் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை. டேங்க் காற்று பின்னோக்கி வருகிறது. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் டேங்க்கின் முழு அழுத்தமும் பிஸ்டன்மேல் இறங்கும்.

* மோட்டார் ஓடும்போதே பிரஷர் சுவிட்ச் அடியில் காற்று கசிகிறது: அன்லோடர் வால்வு மூடவில்லை.

என்.ஆர்.வி.க்குள் இருப்பது ஒரு சிறிய ரப்பர் அல்லது டெஃப்லான் தட்டும் ஒரு ஸ்பிரிங்கும்தான். துரு, கரித்துகள் ஒட்டியிருந்தால் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். தட்டு தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் இதைக் கழற்ற வேண்டும். டேங்க்கில் காற்று இருக்கும்போது கழற்றினால், வால்வு தோட்டாபோல எகிறி வரும்.

வோல்டேஜ் போதுகிறதா?

அடுத்து கரன்ட். வீட்டு இணைப்பில் வர வேண்டியது 230 வோல்ட். மோட்டாரின் இழுவிசை, வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் இழுவிசை 19 சதவிகிதம் குறையும். 20 சதவிகிதம் குறைந்து 184 வோல்ட் ஆகிவிட்டால், இழுவிசை 36 சதவிகிதம் போய்விடும். மாலை நேரத்தில் மட்டும் கம்ப்ரஸர் முனகுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜைத்தான்.

பல வீடுகளில் வோல்டேஜைக் குறைப்பது ஜங்ஷன் பாக்ஸ் வயர். 2 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். கிளம்பும் நொடியில் 50 ஆம்பியரைத் தாண்டும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரை 10 மீட்டருக்கு இழுத்திருந்தால், அந்த நொடியில் வயரிலேயே ஏறக்குறைய 25 வோல்ட் காணாமல் போகும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பு 8 வோல்ட்தான். வேலை செய்யும் இடம் தூரமாக இருந்தால், வயரை நீட்டாதீர்கள். காற்று ஹோஸை நீட்டுங்கள்.

கெப்பாசிட்டரும் காரணமாகலாம்

வோல்டேஜ் சரியாக இருந்தும், காலி டேங்க்கிலேயே முனகுகிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட் உள்ள கம்ப்ரஸராக இருந்தால் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவே முடியவில்லை என்றால் பம்ப்பிலோ, பேரிங்கிலோ இறுக்கம். தாராளமாகச் சுற்றினால், சந்தேகம் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர்மேல். சில ஊர்களில் இதையே ‘கண்டன்சர்’ என்பார்கள். அது உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். புதிதாகப் போடுவதில் மைக்ரோஃபேரட் எண் பழையதில் உள்ளதாகவே இருக்க வேண்டும். வோல்ட் எண் குறையக் கூடாது. முழு மோட்டாரையும் காயில் கட்டுவதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

ஆனால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். தொட்டால் பலமாக ஷாக் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது. கெப்பாசிட்டரும், அதை ஸ்டார்ட் ஆனதும் துண்டிக்கும் உள் சுவிட்சும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான், காயில் கட்டும் பேச்சே வர வேண்டும்.

இவற்றை மட்டும் செய்யாதீர்கள்

முனகும் மோட்டாரை ‘ஓடிடும், ஓடிடும்’ என்று விட்டுவைக்காதீர்கள். சுழலாமல் நிற்கும் மோட்டாரில் கரன்ட் பல மடங்கு பாயும். நல்ல வைண்டிங் கருகுவது அப்போதுதான். இரண்டு மூன்று வினாடிகளில் சுழலவில்லை என்றால், உடனே அணைத்துவிடுங்கள்.

அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று பெரிய எம்.சி.பி. போடுவதும், ஃபியூஸில் கனத்த கம்பி கட்டுவதும் வீட்டு வயரிங்கையே எரித்துவிடும். டேங்க்கில் இருக்கும் சேஃப்டி வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த டேங்க்கை வெல்டிங் வைத்துப் பயன்படுத்தவும் கூடாது.

தினமும் வேலை முடிந்ததும் டேங்க்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், தண்ணீரும் அதிகமாகச் சேரும். டேங்க்கைத் துரு பிடிக்க வைப்பது அந்தத் தண்ணீர்தான். கூடவே, மோட்டார் நிற்கும்போது ‘புஸ்’ சத்தம் வருகிறதா என்று ஒரு காது வைத்திருங்கள். அந்தச் சத்தம் மாறும் அன்றே வால்வைக் கவனித்துவிட்டால், மோட்டாரைக் கழற்றும் நிலையே வராது!