தேங்காய்த் தொட்டிக் கரி தண்ணீரில் உள்ள உலோகத்தைப் பிடிக்குமா? நொய்யலுக்கு எவ்வளவு உதவும்?

பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் தேங்காய்ப் பருப்பை எடுத்த பிறகு தொட்டி மலைபோல் குவியும். பருத்தி எடுத்து முடித்தால் மார் மிஞ்சும், மக்காச்சோளம் அறுத்தால் தட்டு மிஞ்சும். இந்தக் கழிவுகளைச் சுட்டு எடுக்கும் கரி, தண்ணீரில் கரைந்த உலோகங்களைப் பிடித்து வைக்கும். இதன் பெயர் பயோசார், தமிழில் உயிர்க்கரி.

கோவைக்கு இது ஏன் முக்கியம்?

பம்ப், மோட்டார், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஊரில் முலாம் பூசும் பட்டறைகளும் அதிகம். அங்கே நிக்கல், குரோமியம், துத்தநாகம் பயன்படுகின்றன. கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் விட்டால் இவை சாக்கடை, குளம், நொய்யல் என்று போய் நிலத்தடி நீரிலும் இறங்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின்படி 1 லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராமையும் நிக்கல் 0.02 மில்லிகிராமையும் காரீயம் 0.01 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஆனா உலோகம் போகாது.

எப்படித் தயாராகுது?

திறந்தவெளியில் எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்று அதிகம் புகாத கலனில் சுமார் 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கரி கிடைக்கும். உள்ளிருக்கும் வாயுக்கள் வெளியேறும்போது கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உருவாகும்.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீமைக்கருவேலம், தேங்காய்த் தொட்டி, மக்காச்சோளத் தட்டு போன்றவற்றில் உயிர்க்கரி தயாரித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

உலோகத்தை எப்படிப் பிடிக்குது?

நிக்கல், காரீயம் போன்றவை தண்ணீரில் நேர்மின்னூட்டத்துடன் இருக்கும். கரியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் உண்டு. காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டுவதுபோல் உலோகம் அங்கே ஒட்டிக்கொள்ளும்.

முலாம் பட்டறையில் வரும் குரோமியம்-6 வேற மாதிரி. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய இது எதிர்மின்னூட்டத்துடன் இருப்பதால் சாதாரணத் தண்ணீரில் கரி சரியாகப் பிடிக்காது. அமிலத்தன்மை கூடிய நீரில்தான் நன்றாகப் பிடிக்கும். அப்போது அதில் ஒரு பகுதி, நச்சு குறைந்த குரோமியம்-3 ஆகவும் மாறும். அதனால எல்லா உலோகத்துக்கும் ஒரே கரி, ஒரே முறை சரிப்படாது.

அப்போ நொய்யல் சுத்தமாகிடுமா?

ஆகாது. நொய்யலின் பெரிய பிரச்னைகளில் ஒன்று உப்பு. திருப்பூர் சாயக் கழிவில் வந்த உப்பு, 1990-களில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி விவசாயத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. கரைந்த உப்பை உயிர்க்கரி பிடிக்காது. அதற்கு ஆர்.ஓ. போன்ற முறைகள்தான் வேண்டும்.

ஓடும் ஆற்றில் கரியைக் கொட்டியும் பயனில்லை. இது உதவும் இடம் பட்டறையின் கழிவுநீர்த் தொட்டி. முதலில் ரசாயனம் போட்டுப் பெரும்பாலான உலோகத்தைப் படிய வைத்துவிட்டு, மிச்சமிருப்பதைக் கரி நிரப்பிய வடிகட்டியில் பிடிக்கலாம்.

பிடித்த உலோகம் எங்கே போகும்?

எங்கேயும் போகாது, கரிக்குள்ளேயே இருக்கும். துளைகள் நிறைந்த பிறகு அந்தக் கரி அபாயக் கழிவு. தோட்டத்துக்கு உரம் என்று போட்டால் அதே உலோகம் மண்ணுக்கும் பயிருக்கும் வந்துவிடும். கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால்தான் இது மலிவா என்று சொல்ல முடியும்.

சுடும் முறையும் முக்கியம். தொட்டிக்கரி ஆலைகளின் புகையும், கரியை அணைக்கும் தண்ணீரும் கிணறுகளைக் கெடுப்பதாகக் காங்கேயம், பல்லடம் பகுதி விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். ஓர் ஊர்த் தண்ணீரைச் சுத்தம் செய்ய இன்னோர் ஊர்த் தண்ணீரைக் கெடுத்தால் லாபமில்லை.

வீட்டில் செய்யலாமா?

அடுப்புக்கரியைப் போட்டு வடிகட்டிய தண்ணீரை உலோகம் நீங்கியது என்று நம்பிக் குடிக்காதீர்கள். கிணற்றிலோ போர்வெல்லிலோ சந்தேகம் இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, உலோகங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான பரிசோதனையில் அவை பெரும்பாலும் இருக்காது.