கோப்பை வரலாறு – 9: ஆப்பிள் சாறும் ஒரு கோட்டையும்

கரீபியன் தீவுகளின் வெல்லப்பாகு பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கி ரம் ஆன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ரம்மை நியூ இங்கிலாந்துக் குடியானவர்கள் எதில் கலந்து குடித்தார்கள்? கைக்கு எட்டியதில்தான்: தோட்டத்து ஆப்பிள் சாற்றில். அந்தக் கலவைக்கு ‘ஸ்டோன் ஃபென்ஸ்’ என்று பெயர்.

வெர்மான்ட் பக்கம் ஒரு கதை உண்டு. 1775 மே 10 விடியற்காலையில் டைகாண்டரோகா கோட்டையைப் பிடித்த ஈதன் ஆலனும் அவருடைய ‘கிரீன் மவுன்டன் பாய்ஸ்’ படையினரும், அதற்கு முன் இதைத்தான் வயிறு முட்டக் குடித்தார்களாம். கோட்டை பிடிபட்டது சரித்திரம், குடித்தது கர்ணபரம்பரை. ஆனால் மே மாதத்தில் ஆப்பிள் மரத்தில் பூதான் இருக்கும். அவர்கள் குடித்திருந்தால், அது முந்தைய இலையுதிர்காலத்தில் பிழிந்து, குளிர்காலம் முழுக்கப் பீப்பாயில் கிடந்து புளித்த சாறாகத்தான் இருக்க வேண்டும். ரம்மின் போதையோடு இதன் போதையும் சேர்ந்திருக்கும். கோட்டைக்குள் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்தது நல்லதாயிற்று!

1862-ல் நியூயார்க்கின் பிரபல மதுக்கலைஞர் ஜெரி தாமஸ் தம் செய்முறைப் புத்தகத்தில் இதைச் சேர்த்தபோது, ரம் இருந்த இடத்துக்கு பர்பன் விஸ்கி வந்துவிட்டது. சாறும் புளிக்காத இனிப்புச் சாறு. இன்று வீடுகளில் கலப்பது பெரும்பாலும் இதன் வாரிசுகளைத்தான். கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது என்பேன். புளித்த சாற்றில் சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாக மாறியிருக்கும். நாக்கில் வறட்சியும் புளிப்பும் நிற்கும். இனிப்புச் சாற்றோடு பர்பனைச் சேர்த்தால் தித்திப்பின் மேல் தித்திப்பு. அது போதாதென்று சிலர் கேரமல் ஊற்றி, கோப்பை விளிம்பில் பட்டைச் சர்க்கரையும் தடவுகிறார்கள். அதைக் குடிப்பதற்குப் பாயசமே சாப்பிடலாம்.

அமெரிக்கர்கள் சைடர் என்பது வடிகட்டாத புதுச்சாறு. (நம் கடைகளில் எடை குறையும் என்று சொல்லி விற்கிற ஆப்பிள் சைடர் வினிகரை இதில் ஊற்றிவிடாதீர்கள்.) செப்டம்பர் முதல் அங்கே ஆலைகள் ஓடும். பழத்தைத் தோலோடு அரைத்து, கூழைத் துணியில் பொட்டலமாக மடித்து, மரச்சட்டங்களுக்கிடையே அடுக்கி அழுத்துவது பழைய முறை. பழத்துக்குள் வெளுத்திருந்த சதை, அரைபட்டுக் காற்றுப் பட்டதும் பழுப்பாகிவிடும். சாறும் அதே நிறத்தில் கலங்கலாகத்தான் இறங்கும். ஒரு கேலனுக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, மூன்று டஜன் பழம் வரை ஆகும். கைதேர்ந்த ஆலைக்காரர் மெக்கின்டாஷோடு நார்தர்ன் ஸ்பை போன்ற புளிப்பு ரகங்களையும் கலப்பார். 1996-ல் சூடுபடுத்தாத ஆப்பிள் சாற்றால் ஈ-கோலை தொற்று பரவியபின், கடைகளுக்கு வருவது பெரும்பாலும் பாஸ்ச்சரைஸ் செய்தது.

இனி கலவை. ஜாடியை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் தங்கும் வண்டலில்தான் மணம். கோப்பையில் ஐஸ் கட்டி மூன்று, பர்பன் 60 மில்லி, சாறு 120 மில்லி. பீப்பாய் கொடுத்த புளிப்புக்கு ஈடாக எலுமிச்சைச் சாறு 10 மில்லி, கசப்புக்கு அங்கஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. சர்க்கரை வேண்டவே வேண்டாம். நீர்த்துப்போனதாகத் தோன்றினால், தனியாக ஒரு லிட்டர் சாற்றை அகலமான பாத்திரத்தில் கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, அதில் ஒரு தேக்கரண்டி விடுங்கள். மீதம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

சூடாக வேண்டுமென்றால் சாற்றில் பட்டையும் கிராம்பும் போட்டு ஆவி பறக்கும் வரை காய்ச்சி, அடுப்பை அணைத்தபிறகு விஸ்கி ஊற்ற வேண்டும். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் அதில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். குடிக்காதவர்களுக்கு விஸ்கியை விட்டுவிட்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள். எலுமிச்சையை மட்டும் விடாதீர்கள்.

புளித்த சாற்றைப் பனியில் வைத்து, உறைந்த கட்டியை அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குடித்தவர்களும் இருந்தார்கள். அந்த ‘ஆப்பிள்ஜாக்’ அடுத்த வாரம்.

(தொடரும்)