அரசனுக்கு இல்லாத கோயில்

ஆடிச் சனிக்கிழமை என்றால் குச்சனூரில் கால் வைக்க இடமிருக்காது. சுரபி நதியில் முழுகி, எள் தீபம் ஏற்றி, சுயம்பு சனீஸ்வரரைக் கும்பிட வெளியூர்க் கூட்டம் சின்னமனூர் வழியாக வந்து குவியும். இந்தக் கூட்டத்தில் தினகரன் என்ற பெயரை அறிந்தவர்கள் குறைவு. தலபுராணத்தின் மன்னன் அவன்தான். பிள்ளையில்லாத அவன், அசரீரி சொன்னபடி வீடு தேடி வந்த சிறுவனைச் சந்திரவதனன் என்று பெயரிட்டு வளர்த்தான். பிறகு சொந்த மகனும் பிறந்தான். ஆனால் முடி சூடியவன் வளர்ப்பு மகனே. தினகரனை ஏழரைச் சனி வாட்டியபோது, சந்திரவதனன் ஆற்றங்கரையில் இரும்பால் சனியின் உருவம் செய்து வைத்து, அப்பாவின் துன்பத்தைத் தனக்குத் தரும்படி வேண்டினான். மனமிரங்கிய சனி, ஏழரை நாழிகை மட்டும் பிடித்துவிட்டு விலகினார் என்கிறது கதை.

அப்பன், மகன் இருவரும் ராஜாக்கள். கும்பிடு மட்டும் இருவருக்கும் இல்லை.

ஜப்பானில் கதை வேறு. அங்கே சாமுராய்த் தலைவர்களே கருவறைக்குள் குடியேறினார்கள். நாட்டைத் தன் பிடியில் கொண்டுவந்த தொயோதொமி ஹிதேயோஷி 1598இல் இறந்ததும் கியோத்தோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. அடுத்து ஆட்சியைப் பிடித்த தொகுகாவா இயேயாசு, 1615இல் ஒசாகா கோட்டையை வீழ்த்தியபின் அந்தத் தெய்வப் பட்டத்தையே பறித்துவிட்டார். மறு ஆண்டு இயேயாசுவும் இறந்தார். 1617இல் நிக்கோ மலையில் அவர் தெய்வமாக அமர்த்தப்பட்டார். பேரன் இயெமிட்சு அந்தக் கோயிலைப் பொன்னும் வண்ணமுமாக எடுத்துக் கட்டினார். பொத்திய கண், காது, வாயோடு உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று குரங்குகள் இருப்பது அங்கேதான். தொகுகாவா ஆட்சி கவிழ்ந்ததும் காற்று திசை மாறியது: மெய்ஜி அரசு ஹிதேயோஷிக்குக் கோயிலைத் திருப்பிக் கொடுத்தது, அவருடைய தலைவராக இருந்த ஓடா நொபுநாகாவுக்கும் புதிதாகக் கோயில் கொடுத்தது. யார் தெய்வம் என்பதை அந்தந்தக் காலத்து அரசாங்கம் முடிவு செய்திருக்கிறது. பட்டா மாற்றுவதைப் போலத்தான்.

ஆனால் குச்சனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கும் வீரர்களை மறந்த மண் அல்ல. வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழி எழுத்து பொறித்த அவை, இதுவரை கிடைத்த நடுகற்களிலேயே மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை; கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகள் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இன்றும் ஒரு கூடலூர் உண்டு. மாட்டுச் சண்டையில் செத்த ஒருவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகவே சொல்கிறது.

அப்படியானால் அரசனுக்கு இங்கே என்ன வேலை? கல் கொண்டுவருவது. சேரன் செங்குட்டுவன் இமயம் வரை படை நடத்திக் கல் எடுத்து வந்தது தனக்காக அல்ல. ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்காக. கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவு நாளில் ஜனம் மலையேறுகிறது. கும்பிடு கண்ணகிக்கு. சேரனோ சந்திரவதனனைப் போலவே கோயிலெடுத்தவன் என்ற அளவில் நின்றுவிட்டான். குச்சனூரிலும் சனீஸ்வரர் சந்நிதியை விட்டு வந்தால் ஆடியில் மதுப் படையல் வாங்குகிறவர் சோணைக் கருப்பணசாமி. அவர் காவல்காரர், மன்னர் அல்ல.

இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவரும் ஒரு படைக்காரர்தான்: ராணுவப் பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. இங்கே இருபோகம் விளைவதற்கு அதுதான் காரணம். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டியே வருவதால் ஊர் ஊராக அவர் பெயரிலும் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அரசு கட்டிய மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. விவசாயிகள் வீட்டுப் பூஜையறைக்கு அவர் படம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்கு எந்த அரசாணையும் போடப்படவில்லை.