குடல் நோய்க்குக் காலில் ஊசி!

நோய் குடலில், ஊசியோ காலில்! எலிகளிடம் நடந்துவரும் சோதனை இது. குடிநீரில் ஒரு ரசாயனத்தைக் கலந்து கொடுத்தால் எலியின் பெருங்குடல் புண்ணாகி ரத்தபேதி காணும். பிறகு முழங்காலுக்குக் கீழே, சீன வைத்தியர்கள் ‘சூசான்லி’ என்னும் இடத்தில் மெல்லிய ஊசி செருகிச் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பல சோதனைகளில் குடல் அழற்சி தணிந்தது.

காரணம் என்ன? நச்சுப்பொருளால் உடலில் அழற்சி உண்டாக்கிய சுண்டெலிகளிடம் 2021-ல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் ஒரு வழியைக் கண்டார்கள். காலிலுள்ள சில நரம்புகள் மூளைக்குத் தகவல் அனுப்ப, வேகஸ் நரம்பு மூலம் அட்ரீனல் சுரப்பி தூண்டப்படுகிறது. வயிற்றில் அதே அளவு மின்சாரம் பாய்ச்சியபோது அந்த வழி இயங்கவில்லை!

எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்கும் பலித்துவிடாது. மலத்தில் ரத்தம் கண்டால், லீவு இல்லையென்று தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஊசியை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.