ஊருக்கு ஒரு நேரம்

சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள், துணைக்கு ஆள் தேடும்போது "இங்கே எல்லாரும் எங்கே ஓட்டுவாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் "எப்போ ஓட்டுவாங்க?" என்று கேட்பேன். எந்த ஊரிலும் சைக்கிள்காரர்கள் கிளம்பும் நேரத்தை அந்த ஊரின் வெயிலும் வெளிச்சமும் வேலையும் சட்டமும் சேர்ந்து முடிவு செய்து வைத்திருக்கும். நேரம் பிடிபட்டால் ரோடு பிடிபடும். ஆட்களும் அங்கேயே நின்றிருப்பார்கள்.

எனக்குத் திருப்பூரில் துணி பிரிண்டிங் தொழில். மிஷின் பார்க்க, சாயம் பார்க்க, பையரைப் பார்க்க என்று இத்தாலி, இங்கிலாந்து, துபாய், சிங்கப்பூர் போக வேண்டியிருக்கும். பகலெல்லாம் சாம்பிளும் விலையும் பேசிவிட்டு ராத்திரி ஓட்டல் அறையில் சுவரைப் பார்த்து உட்கார எனக்கு முடியாது. அதனால் சைக்கிளும் கூடவே வரும். தெரியாத ஊரில் ஒரு பெண் தனியாக ஓட்டுவதைவிடப் பத்துப் பேரோடு ஓட்டுவது பத்திரம். வேகமும் கூடும். முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக் கொடுப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் நம் உழைப்பில் கால் பங்காவது மிச்சம்.

இருட்டில் கிளம்பும் சிங்கப்பூர்

சிங்கப்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். சைக்கிள் கூட்டங்களோ ஐந்தரைக்கே கிளம்பிவிடும். வெயிலுக்கும் லாரிக்கும் முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. சாங்கி கடற்கரைச் சாலை, மண்டாய், கிராஞ்சி என்று தீவின் ஓரங்களில் அந்த நேரத்தில் சிவப்பு விளக்குகள் வரிசையாகப் போகும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட் இல்லாமல் யாரும் உங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அங்கே கூட்டத்தின் அளவையே சட்டம் சொல்கிறது. 2022 ஜனவரி 1 முதல், ஒற்றை வரிசையில் போனால் அதிகபட்சம் 5 பேர், இரண்டிரண்டு பேராகப் போனால் 10 பேர். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே சுமார் 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்பத் தூரம், விடச் சொல்கிறார்கள். எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிள் ஏறவே கூடாது. இருபத்தைந்து பேர் வந்தால் கூட்டத்தை மூன்றாகப் பிரிப்பார்கள், அதுவும் வேகத்தை வைத்து. புதிதாக வருகிறவருக்கு இது நல்லது. நம்மை எங்கே வைப்பது என்று அவர்களே கேட்டுத் தீர வேண்டும்.

அங்கே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன் என்னைக் கேட்டான்:

"அக்கா, ஃபிளாட்ல எவ்வளவு போவீங்க?"

"இருபத்தெட்டு."

"தனியாவா, குரூப்பிலயா?"

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். குரூப்பில் ஒளிந்து வந்த இருபத்தெட்டு, தனியாகப் போனால் இருபத்தைந்தாகிவிடும். வெளியூரில் யாராவது வேகம் கேட்டால், சமதரையில், காற்று அதிகமில்லாத நாளில், தனியாக ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டும் சராசரியைச் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் பாதி வழியில் தனியாக நிற்போம். குறைத்துச் சொன்னால் மெதுவான குழுவை அவஸ்தைப்படுத்துவோம். அன்றைக்கு என்னை நடுக் குழுவில் போட்டார்கள். ஓட்டி முடித்ததும் எல்லாக் குழுக்களும் ஒரே பிராட்டா கடைக்குத்தான் வந்து சேர்ந்தன.

துபாயில் வெயில் இன்னும் கடுமை, அதனால் நேரமும் இன்னும் முன்னால் வந்துவிடும். பாலைவனத்துக்குள் போகும் அல் குத்ரா பாதையில் கோடையில் விடியலுக்கு வெகுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும். நாத் அல் ஷெபா பாதைக்கு ராத்திரி விளக்கு உண்டு என்பதால் வேலை முடித்துவிட்டும் போகலாம். இரண்டிலும் கார் நுழையாது. வெளிநாட்டில் முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கு நான் துபாயைத்தான் சொல்வேன்.

சாயங்காலத்தில் பந்தயம்

இங்கிலாந்தில் கணக்கே தலைகீழ். ஜூன் மாதத்தில் ராத்திரி ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆகவே வாரநாள் சாயங்காலங்களில் கிளப்புகள் டைம் டிரையல் நடத்துகின்றன. பெரும்பாலும் 10 மைல், நம் கணக்கில் 16 கிலோமீட்டர். ஒரு நிமிடத்துக்கு ஒருவராகத் தனித்தனியாக விடுவார்கள். யார் பின்னாலும் ஒட்டக்கூடாது. கடிகாரம்தான் எதிராளி. பல கிளப்புகளில் உறுப்பினர் அல்லாதவரும் அன்றைக்கே போய், சில பவுண்டு கட்டி, நம்பர் வாங்கிக்கொள்ளலாம். பின்விளக்கும் ஹெல்மெட்டும் இல்லாவிட்டால் ஸ்டார்ட் கிடைக்காது. வெளியூர்க்காரர் வெளிநாட்டில் கலந்துகொள்ள இதைவிடச் சுலபமான பந்தயம் எனக்குத் தெரிந்து இல்லை. தெரியாத கூட்டத்துக்குள் முண்டியடிக்க வேண்டியதில்லை. வழி தவறவும் வாய்ப்புக் குறைவு.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு திருட்டுத்தனம் உண்டு. 1890களில் அங்கே திறந்த சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவதை சைக்கிள் சங்கமே தடுத்துவிட்டது. போலீஸ் கெடுபிடியால் சாலையில் சைக்கிளே ஓட்ட முடியாமல் போய்விடுமோ என்று அவர்களுக்குப் பயம். எஃப்.டி. பிட்லேக் போன்றவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒவ்வொருவராகக் கிளம்புவது, விடியற்காலையில் ஓட்டுவது, கறுப்பு உடுப்புப் போடுவது, ஓடும் பாதைக்கு ஊர்ப் பெயர் சொல்லாமல் குறியீடு வைப்பது. பாதைகளுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு வைப்பது இன்றும் தொடர்கிறது. கூட்டமாக ஓட்டும் சாலைப் பந்தயத்தை மறுபடி கொண்டுவந்தவர் பெர்சி ஸ்டாலார்ட். 1942 ஜூன் 7இல் வேல்ஸின் லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை பந்தயம் நடத்தினார். அதற்காகச் சங்கம் அவரைத் தடை செய்தது.

பந்தயம் வேண்டாம் என்பவர்களுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை கிளப் ரன் இருக்கிறது. நடுவில் ஒரு கஃபேயில் கேக்கும் டீயும் கட்டாயம். எந்த வேகக் குழு எந்தக் கஃபேக்குப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஒருவேளை பின்தங்கினாலும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் இத்தாலி

மிலானுக்கு வடக்கே கோமோ. பட்டுக்கும் பட்டுத் துணி பிரிண்டிங்குக்கும் பேர்போன ஊர். எனக்கு அங்கே வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியோரச் சாலைக்குப் போய் நின்றால் போதும், கூட்டம் கூட்டமாக வருவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். பதினொன்றுக்கு மேல் கிளம்பினால் எதிரே திரும்பி வருகிறவர்களைத்தான் பார்க்க முடியும்.

அந்தப் பக்கத்தில் யாரையும் தெரியாதவர் போக வேண்டிய இடம் மதோன்னா தெல் கிசால்லோ தேவாலயம். பெல்லாஜியோவிலிருந்து செங்குத்தாக ஏறிப் போனால் 754 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவைச் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவர் முழுக்கப் பெரிய பந்தய வீரர்களின் சைக்கிள்களும் ஜெர்சிகளும் மாட்டியிருக்கின்றன. ஏறி வந்தவர்கள் எல்லாரும் அங்கே நின்று மூச்சு வாங்குவார்கள். பேச்சுக் கொடுக்க இத்தாலியன் தெரிய வேண்டியதில்லை. மலையைக் காட்டித் தலையில் கை வைத்தாலே போதும்.

தொழில் புத்தியால் நான் முதலில் ஜெர்சியைத்தான் பார்ப்பேன். சைக்கிள் ஜெர்சி பெரும்பாலும் பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் பிரிண்ட். முதுகில் கிளப் பெயரும் ஊரும் பளிச்சென்று இருக்கும். ஒரே பெயரை இரண்டு மூன்று பேர் முதுகில் பார்த்தால் குறித்துக்கொள்வேன். ராத்திரி தேடினால் அந்தக் கிளப் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தச் சதுக்கத்தில் கூடுகிறது என்பது கிடைத்துவிடும்.

இத்தாலியில் கிரான் ஃபோண்டோ என்று நேரம் குறிக்கும் நீண்ட ஓட்டங்கள் நிறைய. 1971இல் தொடங்கிய நோவெ கோல்லி, செசெனாதிகோ கடற்கரையில் கிளம்பி ஒன்பது குன்றுகளைச் சுற்றி வரும். பெரிய பாதை சுமார் 200 கி.மீ. 1997இல் தொடங்கிய லெரோய்கா வேறு ரகம். டஸ்கனியின் மண் சாலையில் பழைய சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். பழைய கம்பளி ஜெர்சிகளின் பின்னலைப் பார்க்கவே எனக்கு அங்கே போக ஆசை.

இம்மாதிரி ஓட்டங்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். போட்டி விளையாட்டுக்கு உடல் தகுதியானது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இசிஜி, மூச்சுத் திறன் சோதனை எல்லாம் அதில் அடங்கும். ஏற்பாட்டாளர் கொடுக்கும் படிவத்தை இங்கேயே டாக்டரிடம் காட்டி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்கும் செல்லும் ஒரு அட்டை

கூட்டமும் வேண்டும், போட்டியும் வேண்டாம் என்பவர்களுக்கு பி.ஆர்.எம். என்ற நெடுந்தூர ஓட்டம் இருக்கிறது. நம் ஊரிலும் இதற்கு நிறைய ஆள் உண்டு. 1904இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்தான் உலகம் முழுக்க நடக்கும் பி.ஆர்.எம். ஓட்டங்களை அங்கீகரிக்கிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. கோவையிலும் இதுதான், பிரான்ஸிலும் இதுதான். முதல், இரண்டாம் இடமெல்லாம் கிடையாது. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கி, நேரத்துக்குள் வந்தால் சரி. உலக அட்டவணையை அந்தக் கிளப்பே வெளியிடுகிறது. போகிற நாடும் தேதியும் கையிலிருந்தால் அதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் 1200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்கும் இந்த அட்டைகள்தான் தகுதி.

கிளம்புமுன் செய்ய வேண்டியது

லைசென்ஸ் கேட்கும் பந்தயம் என்றால் இங்கேயே வேலை தொடங்குகிறது. இந்திய சைக்கிள் கூட்டமைப்பின் லைசென்ஸ் வேண்டும். பல இடங்களில் அந்தக் கூட்டமைப்பின் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். அமெரிக்காவில் ஆரம்பநிலைப் பந்தயங்களுக்கு ஒருநாள் லைசென்ஸ் அங்கேயே கிடைக்கும். பயணக் காப்பீட்டையும் வரி வரியாகப் படியுங்கள். சாதாரண சைக்கிள் ஓட்டத்துக்குப் பணம் தரும் பாலிசிகள் பல, பந்தயம் என்றதும் கையை விரித்துவிடும்.

ஒரு கிளப்புக்கு எழுதும்போது நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த நாட்கள் அங்கே இருப்பீர்கள், தனியாக ஓட்டும் வேகம், எவ்வளவு தூரம் பழக்கம், கூட்டத்தில் ஓட்டிப் பழக்கம் உண்டா. பதிலில் "யாரையும் விட்டுப் போகமாட்டோம்" என்று இருக்கிறதா பாருங்கள். பாதை வரைபடத்தை முன்கூட்டியே போனில் வாங்கிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நான் சொல்வது, முதல் ஓட்டம் ஒரு சைக்கிள் கடை நடத்துகிற ஓட்டமாக இருக்கட்டும். பின்னால் ஒரு கடையின் பெயர் நிற்கும்; நடத்துகிறவரின் நம்பரும் கையில் இருக்கும். பெண்களுக்கான தனிக் குழுக்களும் பெரிய ஊர்களில் உண்டு.

பெட்டி கட்டும்போது பெடலைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். கியரை மாற்றும் பின் டீரெய்லரைக் கழற்றிக் குமிழித்தாளில் சுற்றி உள்ளே கட்டிவிடுங்கள். அது மாட்டியிருக்கும் ஹேங்கர் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சைக்கிளுக்கு மட்டுமே பொருந்தும் அந்தச் சின்னத் துண்டு வெளியூர்க் கடையில் கிடைப்பது அரிது. இரண்டு மூன்று நாள் பயணத்துக்குச் சைக்கிளையே எடுத்துப் போகாதீர்கள். சீட்டின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு, சொந்தப் பெடலோடு போய் வாடகைக்கு எடுங்கள். ஏறுமுன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். இத்தாலியில் பெரும்பாலும் இடது கை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில், கூட்டத்தில், பள்ளத்தில் இறங்கும்போது அதைக் கற்றுக்கொள்வது நல்லதில்லை.

நம் முறை

இத்தனை ஊரிலும் என்னை உள்ளே விட்டார்கள் என்றால், அவர்கள் தங்கள் நேரத்தையும் இடத்தையும் வேகத்தையும் வெளியே எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். நாம் அதைச் செய்வதில்லை. திருப்பூருக்கு இத்தாலியிலிருந்து மிஷின் பொருத்த வரும் மெக்கானிக்குகள் உண்டு. அவர்களில் யாராவது சைக்கிளோடு வந்தால், நம் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? நம் ஓட்டமெல்லாம் வாட்ஸ்அப் குழுவுக்குள், தெரிந்தவர்களுக்குள். நேரமும் இடமும் யாருக்கும் தெரியாது.

எங்கள் குழுவில் இதைப் பேசினேன். இப்போது ஊரில் சைக்கிள் விற்கும் கடையின் கண்ணாடியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஞாயிறு காலை 5:30. அவினாசி ரோடு. 60 கி.மீ. தனியாக மணிக்கு 24 ஓட்டுகிறவர் தாராளமாக வரலாம். யாரையும் விட்டுப் போகமாட்டோம். முடிவில் இட்லி.