காஸ்கெற்றும் கிணற்று நீரும்

2023ஆம் ஆண்டுச் சித்திரை வெயிலிலே, திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு பலாலி வீதி வழியாக வீடு திரும்புங்கால், நம் மொறிஸ் மைனர் கார் நீராவி கக்கி நடுவீதியில் நின்றுவிட்டது. அருகிலிருந்த இல்லத்தரசியார், ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே நமக்கு அதிக அச்சத்தை அளித்தது. இரண்டு கிழமையாகவே, காலையில் வண்டியைக் கிளப்பும்போது வெண்புகை எழுவதையும், றேடியேற்றருக்கு நாள்தோறும் ஒரு செம்பு நீர் தேவைப்படுவதையும் அவர் சுட்டிக்காட்டி வந்தார். நிலத்திலோ ஒரு துளி ஒழுக்கும் இல்லை. ஒழுகாத நீர் எங்கே போயிற்று என்று நாம் அன்றே ஆராய்ந்திருத்தல் வேண்டும்.

இவ்வண்டியின் குலம் வாசகர் அறியாததன்று. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1960இன் இறுதியில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் இது. நம்முடையது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டியது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், இத்தகைய முதிய வண்டிகளைக் கைவிட எவருக்கும் மனம் வரவில்லை. வேறு வண்டி வாங்க வழியில்லாத நமக்கோ அந்த எண்ணமே எழவில்லை.

வண்டியைத் தள்ளிச் சென்ற முதற் கராஜில், எண்ணெய் வார்க்கும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்திற் படிந்திருந்த வெண்ணுரையைக் காட்டினர். ‘தண்ணீர் எண்ணெயிற் கலந்துவிட்டது, பிஸ்ரன் வளையங்களும் தேய்ந்துபோயின, எஞ்சினை முழுவதும் இறக்கிச் செய்ய வேண்டும், 185,000 ரூபா ஆகும்’ என்றனர். அச்சமயம் நம் கையிலிருந்தது, இல்லத்தரசியார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் மாத்திரமே. அது பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்த மகளின் விடுதிச் செலவுக்கென வைத்தது. அன்றிரவு வீட்டில் எவரும் அதிகம் பேசவில்லை.

மறுநாள் அயலவர் ஒருவர் கோண்டாவிற் பக்கத்திலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்திலே தொழில் பழகியவர் அவர். சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டிய நாள்களை நம்மவர் மறந்திரார். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது தானே பற்றி வெடிக்கும், எஞ்சின் தட்டும், அளவு கடந்து சூடேறும். அவ்விதம் காஸ்கெற் எரிந்த எஞ்சின்களைப் பார்த்துப் பார்த்தே தமக்குக் கண் தெளிந்ததென்றார்.

காஸ்கெற் என்பது யாதெனின், எஞ்சினின் உடலுக்கும் அதன் தலைக்கும் இடையே வைத்து இறுக்கப்படும் தகடு. ஒருபுறம் எரிவாயு, ஒருபுறம் நீர், ஒருபுறம் எண்ணெய் என மூன்றையும் ஒன்றோடொன்று சேராமற் காப்பது அதுவே. அஃது ஓரிடத்தில் எரிந்தால், வாயு நீருக்குட் புகும். நீர் சிலிண்டருக்குட் புகுந்து வெண்புகையாக வெளியேறும். நாள்தோறும் நாம் வார்த்த செம்பு நீர் போன வழி அதுவே.

முதியவர் அவசரப்படவில்லை. குளிர்ந்திருந்த எஞ்சினின் றேடியேற்றர் மூடியைக் கழற்றிவிட்டுக் கிளப்பச் சொன்னார். நீரில் உலைக்கொதி போலக் குமிழிகள் எழுந்தன. அடுத்து எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் தெளிவாக இருந்தது. நீர் கலந்திருந்தாற் பால்தேநீர் நிறம் வந்திருக்குமாம். மூடியிலிருந்த நுரை, சந்தைக்கும் கோவிலுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வண்டிகளிற் குளிர்ந்த மூடியில் ஈரம் படிவதால் உண்டாவது என்றார்.

பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அமுக்கமானியைப் பொருத்தினார். முதலாம், நான்காம் சிலிண்டர்களிற் சதுர அங்குலத்துக்கு 140 இறாத்தல் அளவிற் காட்டிய முள், நடுவிலிருந்த இரண்டிலும் 50ஐத் தாண்டவில்லை. அவ்விரண்டிலும் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். வளையம் தேய்ந்திருப்பின் எண்ணெய் அவ்விடைவெளியை அடைக்க, முள் ஏறியிருக்க வேண்டும். அஃது அசையவேயில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரத் தளர்ந்திருப்பின், அவற்றின் நடுவே காஸ்கெற் எரிந்திருப்பதற்கே இடமுண்டு. 185,000 ரூபா அந்த முள்ளிலே கரைந்துபோயிற்று.

நாம் மகிழ்ந்து, ‘அப்படியாயின் காஸ்கெற்றை மாற்றிவிடலாமே’ என்றோம். அவர் தலையசைத்தார்.

‘ஐயா, காஸ்கெற் சும்மா போகாது. ஏன் போனதெண்டு பாக்காமல் புதுசைப் போட்டால் அதுவும் போகும். நீங்கள் றேடியேற்றருக்கு என்ன தண்ணி விடுறனியள்?’

‘கிணற்றுத் தண்ணீர்தான்.’

‘அம்மா, உங்கடை கேத்திலை ஒருக்காக் கொண்டு வாங்கோ.’

கேத்தில் வந்தது. அதன் அடியிற் சங்கு போல வெண்படை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. நம் கிணறுகளும் அக்கல்லைக் குடைந்தவையே. கொதிக்கும்போது நீரிற் கரைந்த சுண்ணாம்பு பிரிந்து படியும் என்பதை அடுக்களையில் உள்ளவர் நாள்தோறும் காண்கின்றனர். நாம் ஊற்றிய ஒவ்வொரு செம்பும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குட் சுண்ணாம்பைச் சேர்த்துவிட்டது. பாதிக் குழாய்கள் அடைபட, சூடு ஏற, எஞ்சின் தலை வளைந்து, காஸ்கெற் எரிந்தது. தலையைக் கழற்றி நேர்கோல் வைத்துப் பார்த்தபோது, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு வளைந்திருந்தது. அச்சிறு வளைவே போதுமாம்.

செலவை உள்ளபடி தருகின்றோம். காஸ்கெற் தொகுதி 9,500 ரூபா, கடைசற் பட்டறையில் தலையைச் சீவி மட்டமாக்க 6,000, றேடியேற்றரைத் திறந்து குழாய்களுக்குட் கம்பி ஓட்டித் துப்புரவாக்க 8,500, எண்ணெயும் வடிகட்டியும் 9,000, குழாய்களும் தெர்மோஸ்ராற்றும் 4,000, கூலி 15,000. ஆக 52,000 ரூபா. பொருள்களுக்கு முற்பணம் கொடுத்தோம். கூலியை வண்டி ஓடிய பின்னரே அவர் வாங்கினார். எரிந்த காஸ்கெற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். நடுவிலே கறுத்து அற்றுப்போன இடம் ஒரு விரல்நுனி அகலமே. (முதற் கராஜில் இப்படிப் பிரித்துக் கணக்கெழுதித் தரக் கேட்க நமக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் நாணுகின்றோம்.)

தலையை மீண்டும் பூட்டியது பார்க்கத்தக்க காட்சி. நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு சுரையையும் சிறிது சிறிதாக, மூன்று சுற்றில் 40 இறாத்தல் அடி வரை இறுக்கினார். முறுக்கமானி இல்லாமல் இறுக்குவோரைக் கண்டால் தமக்குக் கோபம் வருமென்றார். ஐந்நூறு மைல் ஓடியபின் தாமே வந்து மறுபடியும் இறுக்கிச் சென்றார்.

மகள் குறித்த நாளில் பேராதனைக்குப் போனாள்.

இப்பொழுது நம் தாழ்வாரத்திலே, மாரிமழை நீரைத் துணியால் வடித்துச் சேர்த்த குடமொன்று காருக்கென்றே மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அதிற் கலப்பதற்குக் குளிர்விப்புத் திரவமும் ஒரு போத்தல் உண்டு. அந்நீரில் தேநீர் நன்றாக இருக்கிறதென்று கண்டுபிடித்த இல்லத்தரசியார், நாம் வெளியே போகும் சமயம் பார்த்துக் கேத்திலை நிரப்பிக்கொள்கிறார்.